பழைய மோட்டார் வண்டியும் வீட்டுப் பட்டறையும்

இயந்திரம் இரு வழிகளால் மூப்படையும். ஓயாது உழைப்பதனால் தேய்வது ஒன்று; உழைப்பின்றிக் கிடந்து துருப்பிடிப்பது மற்றொன்று. பழைய மோட்டார் வண்டிகளைப் பேணி வருவோர் இவ்விரண்டோடும் ஒருங்கே போராட வேண்டியவராவர். அவருட் பலர் வண்டியைக் கராஜில் விட்டுவிட்டுக் கணக்குச் சீட்டுக்காகக் காத்திருப்பதில்லை. விடுமுறை நாட்களிலே தம் வீட்டு முற்றத்தையே பட்டறையாக்கி, ஸ்பனரும் கையுமாகத் தாமே வேலையில் இறங்குகின்றனர். பழுது பார்ப்பதோடு அமையாது, வண்டியை முன்னிருந்ததிலும் மேம்படுத்தவும் முயல்கின்றனர். இம்முயற்சி பயன் மிக்கது. ஆயினும் ஆபத்தும் உடையது. பயனைப் பெற்று ஆபத்தைத் தவிர்க்கும் வகை யாது என்பதை, உலகெங்கும் நன்கறியப்பட்ட ஒரு வண்டியை உதாரணமாகக் கொண்டு ஆராய்தல் தகும்.

அவ்வண்டி மொறிஸ் மைனர் ஆகும். 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியிலே அது முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். பின்னர் 1959இல் வெளிவந்த மினி என்னும் சிறு வண்டியை ஆக்கியவரும் அவரே. மைனரின் மாதிரி வண்டி ஆயத்தமான பின்னர், அதன் அகலம் போதாதென அவர் கருதினார். உடனே மாதிரியை நெடுக்காக இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். எஞ்சினை மூடும் முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அவ்வாறு சேர்ந்த அகலத்தின் அடையாளமாகும். நிறுவனத்தின் தலைவரான நபீல்ட் பிரபுவுக்கோ அவ்வண்டியின் தோற்றம் சிறிதும் பிடிக்கவில்லை. ஆயினும் மக்கள் அதனை விரும்பினர். 1960ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், 10 இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானிய வண்டி என்னும் பெருமை அதற்குக் கிட்டியது. பிரித்தானியாவில் 1971இல் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் வெளிவந்திருந்தன.

இலங்கையிலும் அக்காலத்தில் வீதிகளை நிறைத்தவை மொறிஸ், ஒஸ்ரின் முதலிய பிரித்தானிய வண்டிகளே. 1960களிலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிகள் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டன. 1977இல் பொருளாதாரக் கொள்கை மாறி யப்பானிய வண்டிகள் பெருமளவில் வரத் தொடங்கும் வரையில், கைவசம் இருந்த வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர உரிமையாளருக்கு வேறு வழி இருக்கவில்லை. தேய்ந்த பாகத்தை எறிவதற்குப் பதிலாகக் கடைசற் பட்டறையில் அதனைப் புதுப்பித்துக் கொள்ளும் பழக்கம் இங்கு வேரூன்றியது. அப்பழக்கம் வீண்போகவில்லை. 1990களிலே தென்னிலங்கையில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள், அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின.

இவ்வகை வண்டிகளை வீட்டில் வைத்துத் திருத்த முடிவதற்குக் காரணம் அவற்றின் எளிமையே. முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். அதன் இருபுறத்திலும் கை தாராளமாக நுழையும். பெற்றோலும் காற்றும் கலப்பது காபரேற்றரில். மின்பொறியைப் பங்கிடுவது டிஸ்ரிபியூற்றர். எந்தப் பாகம் எத்தொழிலைச் செய்கிறது என்பதைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். வேண்டிய கருவிகளும் சிலவே. ஆனால் அவை அங்குல அளவினவாய் இருத்தல் வேண்டும். ஏறத்தாழப் பொருந்துகின்றதென்று மில்லிமீற்றர் ஸ்பனரைக் கொண்டு திருகுவோர், நட்டின் மூலைகளை உருட்டி அழித்துவிட்டுப் பின்னர் உளியும் சுத்தியலும் தேட வேண்டி நேரிடும்.

எளிய வேலை எனினும் அளவறிந்தே செய்யப்பட வேண்டும். 1956இல் வந்த 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினை எடுத்துக்கொண்டால், பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ரிபியூற்றரிலுள்ள பொயின்ற்றின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வுகளின் இடைவெளி 0.012 அங்குலம். மயிரிழை போன்ற இவ்வளவுகளைக் கண்ணால் மதிப்பிடல் இயலாது. அளவுத் தகடு கொண்டே நிதானிக்க வேண்டும். வால்வுகளைச் சரிசெய்வதற்கு அனுபவஸ்தர் கையாளும் ‘ஒன்பதாம் கணக்கு’ ஒன்றுண்டு. இவ்வெஞ்சினில் வால்வுகள் எட்டு. பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையாற் சுழற்றி, 8ஆம் வால்வு முற்றாகத் திறந்து நிற்கும்போது 1ஆம் வால்வைச் சரிசெய்ய வேண்டும். 6ஆம் வால்வு திறந்து நின்றால் 3ஆம் வால்வு. திறந்திருக்கும் வால்வின் எண்ணையும் சரிசெய்யும் வால்வின் எண்ணையும் கூட்டினால் எப்போதும் 9 வரும். இவ்வாறு செய்யின், சரிசெய்யப்படும் வால்வு முற்றாக மூடியிருப்பது உறுதியாகின்றது.

இவை பராமரிப்பு வேலைகள். மேம்படுத்தும் வேலையிலோ வேறொரு நியதி குறுக்கிடுகின்றது. மோட்டார் வண்டி தனித்தனிப் பாகங்களின் மூட்டையன்று. ஒன்றையொன்று பற்றி நிற்கும் சங்கிலியாகும். சங்கிலியின் ஒரு கண்ணியை வலுப்படுத்தினால், இழுவிசை அடுத்துள்ள மெலிந்த கண்ணியைச் சென்றடையும். ஆதலின் ஒரு பாகத்தை மாற்றுகிறவர், அதனாற் பளுவேறப்போகும் மற்றப் பாகம் யாது என்பதை முன்னரே வினவுதல் வேண்டும். வீட்டுப் பட்டறையில் நேரும் தவறுகளிற் பெரும்பாலானவை, கைத்திறன் இன்மையால் அன்றி இவ்வினாவைக் கேளாமையாலேயே நேருகின்றன.

வண்டியை ஆக்கியவர்களே இந்நியதிக்குக் கட்டுப்பட்டிருந்தனர். மைனர் வண்டியின் எஞ்சின், தொடக்கத்தில் 918 கன சென்ரிமீற்றராகவும், 1952 முதல் 803 ஆகவும், 1956 முதல் 948 ஆகவும் இருந்தது. 1962இல் அதனை 1098 ஆகப் பெருக்கியபோது, முன்சக்கரங்களிலுள்ள பிறேக் டிரம்களின் விட்டத்தையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக அவர்கள் உயர்த்தினர். விரைந்து ஓடும் வண்டி விரைந்து நிற்கவும் வல்லதாய் இருத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள். வேகம் இருமடங்காகுமாயின், அதனை நிறுத்துவதற்கு அழிக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும். 1275 கன சென்ரிமீற்றர் எஞ்சினொன்றைத் தேடிப் பொருத்திவிட்டு, பழைய 7 அங்குல டிரம்மையே நம்பி ஓடுபவர், ஆக்கியோர் அஞ்சிய இடத்தில் அஞ்சாது நிற்பவராவர்.

பிறேக்கை மேம்படுத்த விழைவோர் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக்கைப் பூட்டுவதுண்டு. நற்காரியமே, ஆயினும் அதுவும் ஒரு கண்ணி மட்டுமே. டிரம் பிறேக்குக்கென அமைந்த மாஸ்டர் சிலிண்டரினுள்ளே சிறியதொரு தடுப்பு வால்வு உண்டு. மிதியிலிருந்து காலை எடுத்த பின்னரும் குழாய்களிலே சிறிதளவு அமுக்கம் தங்கியிருக்கச் செய்வது அதன் தொழில். டிஸ்க் பிறேக்கிலே அவ்வமுக்கம் தங்குமாயின், தேய்வுக் கட்டைகள் தட்டை விடாது உரசி வெப்பமேற்றும். ஆகவே சிலிண்டரையும் அதற்கேற்ப மாற்றியாதல் வேண்டும். அன்றியும், மைனர் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிறேக் எண்ணெய்த் தொடர்தான் உள்ளது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கும் ஒருங்கே செயலிழக்கும். முன்னும் பின்னும் தனித்தனித் தொடர்களாகப் பிரிக்கும் சிலிண்டரைப் பொருத்துவது, அழகுக்காகச் செய்யும் எந்த மாற்றத்தினும் முந்தியதாக இருத்தல் நன்று.

பிறேக் எண்ணெயின் இயல்பையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் கலந்த எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். நெடிய மலையிறக்கத்திலே பிறேக்கை இடைவிடாது மிதிக்கும்போது எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதி தரை வரை சென்றும் வண்டி நில்லாது. நுவரெலியாவிலிருந்தோ பதுளையிலிருந்தோ இறங்குபவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஈரண்டுக்கு ஒரு முறை எண்ணெயை முற்றாக மாற்றுதல் பாதுகாப்பாகும். பிறேக்கின் றப்பர் வளையங்களைப் பெற்றோலாற் கழுவுதல் கூடாது. அவை ஊதிப் பருத்துக் கெட்டுவிடும்.

மின்சாரத் துறையிலும் இதே கதைதான். மைனர் வண்டியின் டைனமோ, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பற்றரிக்குப் போதிய மின்சாரம் ஊட்டாது. நெரிசலான நகரத்தில் இரவில் விளக்கெரித்து ஓடுவோர், ஆகையால் டைனமோவை அகற்றி ஆல்டர்னேற்றரைப் பூட்டுகின்றனர். ஆனால் அவ்வண்டியிலே பற்றரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டுள்ளது. ஆல்டர்னேற்றர்களோ பெரும்பாலும் எதிர்முனை இணைப்பை வேண்டுவன. முனைகளை மாற்றாது இணைத்தவுடன் ஆல்டர்னேற்றரின் உட்பாகங்கள் எரிந்துபோம். முனைகளை மாற்றிய பின்னரும், மின்பொறிச் சுருளின் இணைப்புகளை மாற்ற வேண்டும். கூடுதலான மின்னோட்டத்தைத் தாங்கும் தடித்த கம்பியும் இட வேண்டும். மைனர் வண்டியில் இருப்பவை இரண்டே இரண்டு பியூஸ்கள். முன்விளக்குகளுக்கோ அப்பாதுகாப்பும் இல்லை. நாட்பட்டு உறையுரிந்த கம்பியொன்று உடலிற் பட்டால் தீ மூளுவதற்கு அதிக நேரம் செல்லாது. எனவே புதிய மின்கருவிகளைப் பூட்டுமுன் புதிய பியூஸ்களைச் சேர்ப்பதே முறை.

ஒன்றை மாற்றினால் மற்றொன்று பளுவேற்கும் என்னும் இந்நியதிக்கு யாழ்ப்பாணம் அளித்த சான்று மறக்கற்பாலதன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், பெற்றோல் அங்கு செல்வது தடைப்பட்டது. அந்நிலையில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய முதிய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடலாயின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே வழி. இது விந்தைபோலத் தோன்றினும் காரணமற்றதன்று. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சூடு வேண்டும். மிகுந்த அமுக்கத்தில் அது காலத்துக்கு முந்தியே தீப்பற்றி எஞ்சினைத் தட்டும். 1950களின் தொடக்கத்து எஞ்சின்களிலோ அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்னும் குறைந்த அளவினதே. 1940களின் இறுதியிலும் 1950களிலும் பிரித்தானியாவில் செய்யப்பட்ட பெர்கூசன் உழவு இயந்திரங்களுள் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கு மாறும்படியே அமைக்கப்பட்டிருந்தது.

ஆயினும் அம்மாற்றத்துக்கும் விலை இருந்தது. எரியாது எஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் உருளுறுப்புகளைக் காவாது. எஞ்சின் உள்ளிருந்தே தேயும். பிளக்குகளிலே கரி படியும். இதனை உணர்ந்தோர் எண்ணெயை அடிக்கடி மாற்றினர். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தனர். உணராதோர் சிறிது காலம் ஓடிப் பின்னர் எஞ்சினை இழந்தனர். இரு சாராரும் பூட்டியது ஒரே எரிபொருளைத்தான். அதன் பளு எங்கே போய் விழுகின்றது என்ற அறிவே அவர்களை வேறுபடுத்தியது.

எரிபொருள் மாறும்போது வண்டியும் மாறவேண்டிய நிலை பிற நாடுகளிலும் நேர்ந்தது. ஈயம் கலந்த பெற்றோல் பிரித்தானியாவில் 1999இன் இறுதியிலும் இலங்கையில் 2002இலும் பொது விற்பனையிலிருந்து நீங்கியது. ஈயம் நஞ்சாகையால் அது நீங்கியது நன்மையே. எனினும் பழைய வார்ப்பிரும்புத் தலைகளிலே வால்வு அமரும் இடம் தேயாவண்ணம் காத்து வந்தது அதுவே. தலையைக் கழற்றும் சந்தர்ப்பம் வரும்போது, கடினமான உருக்கு வளையங்களை அவ்விடத்தில் அமர்த்திக்கொள்வது நிலையான பரிகாரமாகும். 2021இல் பிரித்தானியாவிலே நூற்றுக்குப் 10 பங்கு வரை எதனோல் சேர்ந்த பெற்றோல் பொது வழக்குக்கு வந்தது. பழைய றப்பர்க் குழாய்களை எதனோல் அரித்துவிடுமாதலின், அதனைத் தாங்கும் குழாய்களை இடுதல் அவசியமாயிற்று.

மேம்பாடுகளைப் பற்றிய ஆசையிலே, பிழைபோகும் இடங்களை மறத்தலாகாது. மைனர் வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் டிரனியன் எனப்படும் திருகு மூட்டுகள் உண்டு. கீழ்மூட்டின் திருகிழைகளே வண்டியின் முன்பாரத்தைச் சுமக்கின்றன. அவற்றிற்குக் கிறீஸ் ஊட்டத் தவறினால் இழைகள் தேய்ந்து, ஒருநாள் தண்டு மூட்டிலிருந்து கழன்றுவிடும்; சக்கரம் மடிந்து வண்டி நிலத்தில் விழும். மெதுவாகத் திரும்பும்போது நேரின் அது அவமானத்தோடு போம். வேகமாகச் செல்லும்போது நேரின் உயிரோடு போம். சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்து, தளர்ச்சி தென்படின் மூட்டை மாற்றுவதே அறிவுடைமை. கிறீஸ் துப்பாக்கியின் சில அழுத்தங்கள் தடுக்கக்கூடிய விபத்து இது. புதிய வர்ணமும் மெருகிட்ட சக்கர மூடியும் அதனைத் தடுக்கமாட்டா.

வேலை செய்பவரின் உயிர்ப் பாதுகாப்பும் இத்தகையதே. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு உரியதேயன்றித் தாங்குவதற்கு உரியதன்று. உறுதியான தாங்கிகளின் மேல் இருத்தி, நிலத்தில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் வைத்த பின்னரே கீழே புகுதல் வேண்டும். மழையால் இளகிய மண் நிலத்திலே தாங்கிகளின் அடியில் தடித்த பலகை இடுதல் வேண்டும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியிலே கிடத்தி வைப்பது இரண்டாவது காவலாகும். துருப்பிடித்த வண்டியில் ஜாக்கி பொருத்தும் இடமே உளுத்திருக்கக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிட்டால் மணமற்ற நச்சு வாயு நிறையும். பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. குழிகளிலே தேங்கி நின்று, உடைந்த மின்குமிழின் பொறியிலும் பற்றும். பழைய பிறேக் கட்டைகளிலே கல்நார் கலந்திருந்தது. அத்தூசியை வாயால் ஊதாது, ஈரத் துணியால் துடைத்தகற்றுதல் வேண்டும்.

வீட்டிலே செய்யத்தகாத வேலைகளும் உள. சிலிண்டரைக் குடைந்து பெருப்பித்தல், எஞ்சினின் வளைதண்டை அரைத்துச் சமன்செய்தல் ஆகியவற்றிற்குக் கடைசல் இயந்திரமும் பயிற்சியும் வேண்டும். வண்டியின் பாரம் தாங்கும் அடித்தகடுகளைத் துரு அரித்திருப்பின், அதன் மேல் மெழுகுக் கலவையை அப்பி வர்ணம் பூசுவது திருத்தமன்று, நோயை மறைப்பதாகும். அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதிய உருக்குத் தகட்டைப் பற்றாசு வேலையில் தேர்ந்தவரைக் கொண்டு பொருத்துவித்தல் வேண்டும். தன் கை எவ்விடத்தில் நிற்கவேண்டும் என்று அறிவதும் கைத்திறனின் ஒரு பகுதியே.

இனி, மாற்றத்துக்கு எல்லை எது என்னும் வினா எஞ்சுகின்றது. பின்னர் ஒருவர் விரும்பினால் பழைய நிலைக்கு மீட்கத்தக்கதாக மாற்றுவது நல்ல வழக்கம். தகட்டில் புதுத் துளையிடாது, முன்னிருந்த துளைகளையே பயன்படுத்தலாம். கழற்றிய பாகங்களைப் பெயர் எழுதிப் பெட்டியில் இட்டு வைக்கலாம். எந்நாளில் எதனை மாற்றினோம், எவ்வளவு இறுக்கினோம் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பின், அதனை அடுத்து வாங்குபவரும் பயன்பெறுவர். பிரித்தானியாவிலே 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல், 40 வயதைக் கடந்த வண்டிகள் ஆண்டுதோறுமான கட்டாயப் பரிசோதனையிலிருந்து விலக்குப் பெற்றன. ஆனால் வண்டியின் அடிப்படை அமைப்பை அண்மை 30 ஆண்டுகளுக்குள் பெரிதும் மாற்றியவருக்கு அவ்விலக்கு இல்லை. விலக்குப் பெற்றவரும் தம் வண்டி வீதிக்குத் தகுதியானதா என்பதற்குத் தாமே பொறுப்பாவர்.

பரிசோதகர் பாராத இடத்தில் உரிமையாளரே பரிசோதகராக வேண்டியுள்ளது. அவர் முதலிற் பார்க்க வேண்டியவை நிறுத்தும் பாகங்கள். அடுத்து, திருப்பும் பாகங்களும் தாங்கும் பாகங்களும். அதன் பின்னர் மின்கம்பிகளும் எரிபொருட் குழாய்களும். எல்லாவற்றிற்கும் ஈற்றிலேதான் வேகமும் அலங்காரமும். இவ்வரிசை தலைகீழாகாத வரையில், வீட்டு முற்றத்திலே திருத்தப்படும் பழைய வண்டி அதன் உரிமையாளருக்கும், அதே வீதியில் நடந்து செல்லும் அயலாருக்கும் அச்சம் தராது ஓடும்.